மூன்றாவது எண்

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை காலை, சித்தூர் மாவட்டம் நகரியில், எத்திராஜின் உடல் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் அவருடைய மகன் முரளிதரன் வாசற்கதவைப் பூட்டித் திருட்டு அலாரத்தை இயக்கினான்.

வலது கையில் கொள்ளிச்சட்டி இருந்ததால் இடது கையால்தான் ரிமோட்டை அழுத்த வேண்டியிருந்தது. முதல் தடவை சரியாக விழவில்லை. சட்டியின் புகை முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி அழுத்தினான். கதவின் மேல்சட்டத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டப்பாவில் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. பாடையைத் தோளில் வைத்திருந்தவர்கள் அதுவரை நின்றிருந்தார்கள்.

"இன்னாடா பண்றே?" என்றாள் அகிலா. அவள் மூத்தவள். சித்தூரிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தாள்.

"ஒரு நிமிசம்க்கா."

"பொணம் போன ஊட்ட பூட்டுவாங்களாடா? பின்னாலயே கழுவி உட்டு வெளக்கு வெக்கணும்."

"கழுவுங்க, யாரு வேணான்னது? நீங்க எல்லாரும் தெருமொனை வரைக்கும் வருவீங்க இல்ல, அந்த கேப்புக்குதான். சாவு ஊடா பாத்துதான் இப்பல்லாம் பூர்றானுங்க. வீடியோ அனுப்பிச்சேனே, பாக்கலையா நீ?"

"இன்னாத்த எடுக்கப்போறான்? அம்மா நகை எல்லாம் உன் லாக்கர்லதானே கீது?"

மேளக்காரர்களில் ஒருவர் குச்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முரளிதரன் சாவியை மனைவி ஸ்ரீதேவியிடம் கொடுத்தான். ரிமோட்டை ஈர வேட்டியின் மடிப்பில் செருகிக்கொண்டான். மொபைலை அகிலாவின் கணவர் தங்கவேலுவிடம் நீட்டி, "மாமா, இத்த பத்திரமா வெச்சிக்கோங்க" என்றான். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு அழுதான். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அன்று வரலட்சுமி நோன்பு. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கலசம் தயாராக இருந்தது. பிணம் எடுக்காமல் யாரும் பூஜை செய்ய முடியாது. அதனால் முந்தின நாள் இரவிலிருந்தே துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? கேட்டவர்களின் குரலில் பரிவு இருந்தது. ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுவோம் என்று முரளிதரன் சொன்னதும் அந்தப் பரிவு கூடியது. இப்போது ஊர்வலம் கடக்கக் கடக்க, பின்னால் கதவுகள் திறந்தன. பக்கெட் தண்ணீர் வாசலில் விழும் சத்தம் கேட்டது. பட்டுச் சேலை கட்டிக்கொள்ளப் பெண்கள் உள்ளே ஓடினார்கள்.

அகிலாவுக்கு முந்தின நாளிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் அப்பா யாரையாவது கூப்பிட்டாரா?

டாக்டர், இதயம் என்றார். தூக்கத்தில் போவதுபோல, ஒரே நிமிடம் என்றார். அவர் அதைப் பார்த்தவர் இல்லை. முரளிதரன் அந்த ஒரு நிமிடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஒரே நிமிசம். நைனா கஷ்டமே படல." ஆனால் அவரைப் பார்த்தவள் பக்கத்து வீட்டு ரத்னம்மா. நோன்புக்கு வாழையிலை அறுக்க எத்திராஜின் தோட்டத்துப் பக்கம் வந்தவள், பின்கதவு வழியாகக் குரல் கொடுத்திருக்கிறாள். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தார். மொபைல் காதோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தது. கையைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்த மொபைலை வைத்து முரளிதரன் ஒரு கதை செய்துவிட்டான். "எனக்குதான் போன் பண்ண பாத்துகினு இருந்திருக்காரு. புள்ளைய நெனச்சிகினேதான் போயிருக்காரு." இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குரல் உடைந்தது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அகிலா அந்த மொபைலைப் பார்த்திருந்தாள். அப்பா யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. கடைசியாக வந்த ஓர் அழைப்பை எடுத்துப் பேசியிருந்தார். பெயர் இல்லாத எண், கடைசியில் நாற்பத்து நான்கு. ஏதோ லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்தாள். சாகிற நேரத்தில் அப்பாவின் காதில் விழுந்தது லோன் கம்பெனிக்காரன் குரலா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

தெருமுனையில் ஊர்வலம் ஒரு நிமிடம் நின்றது. பெண்கள் கடைசியாக ஒருமுறை மாரடித்தார்கள். பிறகு ஆண்கள் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள், பெண்கள் வீட்டுப் பக்கம்.

அந்த அலாரம் வந்ததே அகிலா கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான். அம்மா போன வருஷமே போய்விட்டாள். எழுபத்தைந்து வயதில், கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அப்பா தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறார், யார் வைத்துக்கொள்வது என்று அவள் குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினாள். அவள் வீட்டில் ஏற்கெனவே தங்கவேலுவின் அம்மா படுத்த படுக்கை. முரளிதரனுக்குத் திருப்பதியில் மூன்று படுக்கையறை ஃப்ளாட். மூன்றாவது அறைக்கு ஆபீஸ் ரூம் என்று பெயர். அதில் அயர்ன் போர்டும் யாரும் நடக்காத டிரெட்மில்லும் இருந்தன. மூன்று நாள் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது. பதிலில் ஒரு வாக்கியமும் இல்லை. ஒரு லிங்க் இருந்தது. 'வீட்டுக்கு நீங்களே பொருத்திக்கொள்ளும் அலாரம்.'

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் குழுவில் வேறு பேச்சு இல்லை. வயர் வைத்ததா, வயர் இல்லாததா? வைஃபையா, சிம் கார்டா? சைரன் எவ்வளவு தூரம் கேட்கும்? வரிசையாக எத்தனை எண்ணுக்குப் போன் போடும்? கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? ஜன்னலுக்கும் மேக்னெட் வேண்டுமா, கதவுக்கு மட்டும் போதுமா? அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத மனிதர்கள் சைரனின் டெசிபலை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற பெரியப்பா மகன் ஒருவன், எத்திராஜை எட்டு வருஷமாகப் பார்க்காதவன், சீனாக்காரன் சரக்கை நம்பாதே என்று நீளமாக எழுதினான். நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரில் இரண்டு வகை இருந்தது. ஒன்று பூனை, நாய் போனால் கண்டுகொள்ளாது. மற்றொன்று எதற்கும் கத்தும். "பூனைக்கெல்லாம் தனியா செலவு பண்ண சொல்றியா?" என்று முரளிதரன் இரண்டாவதை வாங்கினான். அப்பாவின் தட்டில் மிஞ்சும் மோர்ச்சோற்றுக்காகத் தினமும் பகலில் ஒரு பூனை பின்கதவு வழியாக வரும் என்பது அந்தக் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பொருத்துவதற்குக் கடைக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். முரளிதரன் வேண்டாம் என்றான். "ஊட்டு பிளான் பூரா அவனுக்கு தெரிஞ்சிபூடும். அப்றம் அவனே வருவான்." ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வீடியோ பார்த்துக்கொண்டே தானே பொருத்தினான். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டினான், சென்சார் விழுந்தது. டிரில் போட்டான், சுவருக்குள் ஓடிய வயரில் பட்டு வீடு முழுக்கக் கரண்ட் போனது. சாயங்காலம் அவன் திருப்பதிக்குத் திரும்பிய பிறகு எத்திராஜ்தான் லைன்மேனைத் தேடிக்கொண்டு போனார்.

அன்று இரவு அப்பா அகிலாவுக்கு போன் செய்திருந்தார். நல்ல சிரிப்பில் இருந்தார்.

"உன் தம்பி ஒரு பொட்டி மாட்டிட்டு போயிகிறாம்மா. அதுக்குள்ள தனியா ஒரு சிம்மு கீது. திருடன் வந்தா அதுவே இவங்களுக்கு போன் போடுமாம். போன்ல சொல்றதுக்கு ஒரு பேச்சு ரெகார்டு பண்ணணுமாம். இவன் தெலுங்குல ஆரம்பிச்சான். டேய், உன் தெலுங்க கேட்டா திருடனே சிரிச்சிடுவான்டா, தள்ளுன்னு நானே பேசி குடுத்தேன். ரேடியோக்காரன் மாதிரி."

"என் நம்பரும் போட்டானா நைனா?"

"கேட்டேனே. அக்கா சித்தூர்லேர்ந்து வந்து இன்னா புடுங்க போறாளுன்னான்."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அலாரத்தோடு இரண்டு ரிமோட் வந்தன; ஒன்றை முரளிதரன் வைத்துக்கொண்டான், மற்றது அப்பாவுக்கு. அதில் நாலு பட்டன். நாலாவது, ஆபத்தென்றால் அழுத்துவதற்கு. எது எது என்று முரளிதரன் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டினான். தெலுங்கில் எழுதினான். அவனுக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்து படிக்க வராது. முதல் வகுப்பிலிருந்து தெலுங்குப் பள்ளிக்கூடம். எத்திராஜ் தினமும் தமிழ்ப் பேப்பரை விளம்பரம் உட்படப் படிப்பவர், தெலுங்கில் தன் ஊர்ப் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாதவர். எந்த ஊர் பஸ் என்று கேட்டுத்தான் ஏறுவார். அப்பா எழுதினால் மகனுக்குப் புரியாது, மகன் எழுதினால் அப்பாவுக்குப் புரியாது. நகரியில் பாதி வீடுகள் இப்படித்தான், யாருக்கும் இது விநோதமாகப் படுவதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வெட்டி ஒட்டும்போதாவது அவனுக்கு அது ஞாபகம் வந்திருக்கலாம்.

பூனை வந்தது. அலாரம் கத்தியது. நோயாளி மாமியாரை வைத்திருக்கும் ரத்னம்மா முதல் வாரத்திலேயே சண்டைக்கு வந்தாள். அடுத்த தடவை வந்தபோது முரளிதரன் சைரனின் வயரைக் கத்தரித்தான். பெட்டியை மாற்றவில்லை, சென்சாரை மாற்றவில்லை. சத்தம் இல்லாமல் போன் மட்டும் போடுகிற திருட்டு அலாரமாக அது மிஞ்சியது. "நைனாவுக்கு எந்த பட்டன் எதுன்னே தெரியறதில்ல. சும்மா அமுக்கிகினே கெடக்கறாரு" என்று அவன் அகிலாவிடம் அலுத்துக்கொண்டான்.

வாசலுக்கு வந்ததும் ஸ்ரீதேவி பூட்டைத் திறந்தாள். அகிலா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். ரத்னம்மா தன் வீட்டிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்தாள். தெருவிலேயே நோன்பைத் தள்ளிவைத்தவள் அவள் ஒருத்திதான்.

கதவு திறந்தபோது மேல்சட்டத்து டப்பாவில் விளக்கு மின்னியது. யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் உடல் கிடந்த இடத்தில் நசுங்கின பூக்களும் அரிசியும் சிதறியிருந்தன. அகிலா முதல் பக்கெட்டைக் கவிழ்த்தாள். தண்ணீர் சுவர்வரை போய்த் திரும்பியது.

ஸ்ரீதேவியின் இடுப்பில் செருகியிருந்த மொபைல் அடித்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் கோணியது. அணைக்கத்தான் போனாள். ஈர விரல் வழுக்கி எங்கோ பட்டது. கூடம் முழுக்கக் கேட்டது:

"டேய் முரளி. நான் நைனா பேசறேன்டா. ஊட்ல யாரோ பூந்துக்கினாங்கடா..."

ஸ்ரீதேவி அலறி மொபைலைப் போட்டுவிட்டாள். அது தண்ணீரில் விழுந்து, குரல் நின்றுபோனது. ரத்னம்மாவின் கையிலிருந்த பக்கெட் சாய்ந்தது.

"ராமா! அய்யனா அது? அய்யன் குரலேதானே?"

"இல்ல, இல்ல... மாமா இல்ல. மிஷின். அலாரம் மிஷின் அண்ணி." ஸ்ரீதேவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கதவு தெறந்தோம் இல்ல, அதான். ரிமோட்ட அவரு எடுத்துக்கினு போயிட்டாரு. ஆஃப் பண்ணாம தெறந்துட்டோம்."

அகிலா துடைப்பத்தோடு நின்றாள். அந்தக் குரலில் பயம் இல்லை. பயந்தவன்போல நடிக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்ட ஒரு மனிதரின் குதூகலம் இருந்தது.

"உனக்கு எப்பிடி வந்துது?"

"முதல்ல அவருக்கு போவும். அவரு எடுக்கலன்னா எனக்கு வரும். யாராச்சும் எடுத்துட்டா நின்னுடும்."

"எடுக்கலன்னா?"

"அடுத்த நம்பருக்கு போவும்."

அகிலா தண்ணீரிலிருந்து மொபைலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அவள் கேட்டது அமைதியாகத்தான் இருந்தது.

"நேத்து வந்துதா?"

ஸ்ரீதேவி சேலை நுனியைப் பிழிந்தாள். ரத்னம்மா ஒருத்தியைப் பார்த்தாள், பிறகு மற்றவளைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். நேத்து மத்தியானம் இந்த போன் வந்துதா?"

"தெனைக்கும் வரும் அண்ணி. அவரே எடுத்து நிறுத்திடுவாரு. அந்த பூனை..."

"நேத்து."

"வந்துது." ஸ்ரீதேவி உட்கார்ந்துவிட்டாள், ஈரத்திலேயே. "காந்தி ரோட்ல இருந்தோம். நோன்புக்கு பட்டு சீரை எடுக்க போயிருந்தோம். ஆகஸ்டு பதினஞ்சு லீவு, ஒரே ஜனம். பில்லு போடற எடத்துல அவருக்கு வந்துது. பாத்துட்டு, பூனைன்னு கட் பண்ணாரு. அப்றம் எனக்கு வந்துது. எடுக்கலாமான்னு கேட்டேன் அண்ணி, சத்தியமா கேட்டேன். எடுக்காதே, எடுத்தா பேசிக்கினே கெடக்கும்னாரு."

"பேசிக்கினே கெடக்கும்" என்று அகிலா திருப்பிச் சொன்னாள்.

"திருப்பதிலேர்ந்து வந்தாலும் ஒண்ற மணி நேரம் ஆவும் இல்ல அண்ணி..."

"பக்கத்து ஊட்ல ரத்னம்மாக்கா இருந்தாங்களே. ஒரு போன். பூனையா பாரும்மான்னு ஒரு வார்த்தை."

"நான் ஊட்லதான் இருந்தேன்" என்றாள் ரத்னம்மா. யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. "அப்பதான் போளிக்கு பூரணம் கிண்டிக்கினு இருந்தேன். சுவத்துக்கு இந்தாண்ட."

ஸ்ரீதேவி அழுதாள். நேற்றிலிருந்து அவள் அழுததில் இது ஒன்றுதான் உண்மையான அழுகையாக இருந்தது. அகிலாவுக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. எழுந்து வேலையைப் பார் என்றாள். ஸ்ரீதேவி எழுந்தாள்.

"அண்ணி, இதை இப்ப யார்கிட்டயும்..."

"பினாயில் எங்க கீது?"

கூடத்தைக் கழுவி முடித்து அகிலா அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலைத் தள்ளிவிட்டுப் பெருக்கியபோது கால்பக்கச் சுவரோரம் ஏதோ தட்டுப்பட்டது. ரிமோட். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உருண்டு போயிருந்தது. முரளிதரன் எழுதி ஒட்டிய காகிதங்கள் மூன்று பட்டன்களுக்கு மேலே அழுக்கேறி அப்படியே இருந்தன. நாலாவது காகிதம் கிழிக்கப்பட்டிருந்தது. பட்டனின்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

அம்மாவின் பொட்டு அட்டை இன்னும் நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்தது. அதில் ஓர் இடம் காலி. அகிலா ரிமோட்டை அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தாள். அதே அளவு, அதே நிறம். படிக்கத் தெரியாத எழுத்தை எடுத்துப் போட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த அடையாளத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பூனையைப் பார்த்தோ, தவறுதலாகவோ, சும்மாவோ அவர் அந்தப் பட்டனை அழுத்தியிருக்க வழியில்லை.

அவள் ரிமோட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு குளிக்கப் போனாள்.

உடல் கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றினார்கள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்பாவின் படம், அவருடைய மொபைல். வழி கேட்டு உறவுக்காரர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ அதைச் சார்ஜ் போட்டு அங்கே வைத்திருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து நோன்புப் பாட்டு கேட்க ஆரம்பித்தது. சாம்பிராணி வாசனை தெருவைத் தாண்டி உள்ளே வந்தது.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் கால் கழுவி, உள்ளே எட்டி விளக்கைப் பார்த்துவிட்டு, பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மொட்டையடித்த தலையில் முரளிதரன் இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். நேரம் கழித்து வந்த சுரேஷ்பாபு என்கிற தெலுங்குக்காரர், எத்திராஜின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஆச்சு என்று கேட்டார். அவன் ஆரம்பித்தான்.

"ஒரே நிமிசம்ணா. கஷ்டமே படல. எனக்குதான் போன் பண்ண பாத்துகினு இருந்திருக்காரு. போனு காதுலயே இருந்துது. புள்ளைய நெனச்சிகினே..."

குரல் உரிய இடத்தில் உடைந்தது.

அகிலா நிலைப்படியில் நின்றிருந்தாள். கூந்தல் ஈரம் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. ரிமோட்டை வெளியே எடுத்தாள். யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. பொட்டு வைத்த பட்டனை அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

தங்கவேலுவின் சட்டைப் பையில் முரளிதரனின் மொபைல் அடித்தது.

"இந்தாடா, உன்னுதுதான்" என்று தங்கவேலு எடுத்து நீட்டினார். "சுடுகாட்லயும் ஒருதரம் அடிச்சிது. யாருன்னு தெரியல, உட்டுட்டேன்."

முரளிதரன் திரையைப் பார்த்தான். சுரேஷ்பாபுவின் பிடியிலிருந்து கையை எடுக்காமலே மற்றக் கைக் கட்டைவிரலால் அழைப்பைத் துண்டித்தான்.

"யார்ரா?" என்றாள் அகிலா.

"ஒண்ணுமில்லக்கா. பூனை."

வீட்டுக்குள்ளும் பந்தலிலுமாக முப்பது பேர் இருந்தார்கள். முரளிதரன் அப்போதுதான் நிமிர்ந்து அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

சமையலறைப் பக்கம் ஸ்ரீதேவியின் மொபைல் அடித்தது. தண்ணீரில் விழுந்தது, கரகரப்பாக அடித்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

"அதை ஆஃப் பண்ணுக்கா" என்றான் முரளிதரன்.

"எந்த பட்டன்டா? எனக்கு படிக்க தெரியலையே."

அவளுக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் எழுந்தான். ஆனால் அதற்குள் கூடத்தில் மூன்றாவதாக ஒரு மணி அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். விளக்குக்குப் பக்கத்தில், படத்துக்கு முன்னால், எத்திராஜின் மொபைல் தரையில் அதிர்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அகிலா குனிந்து பார்த்தாள். பெயர் இல்லை. கடைசியில் நாற்பத்து நான்கு.

"மூணாவது நம்பர் யாருதுடா போட்டே?" என்று கேட்டது தங்கவேலு.

முரளிதரன் நிலைப்படியைத் தாண்டவில்லை. ஈர வேட்டியின் மடிப்பில் அவனுடைய ரிமோட் துருத்திக்கொண்டிருந்தது.

"மூணு நம்பர் போட்டாத்தான் சேவ் ஆவும்னு காட்டிச்சி மாமா" என்றான். "அந்த நேரத்துக்கு... நைனா நம்பரே போட்டு உட்டேன்."

"என் நம்பர் உனக்கு தெரியாதா?" என்றாள் அகிலா.

சுரேஷ்பாபுவுக்கு விஷயம் புரியவில்லை. என்ன நம்பர், என்ன நம்பர் என்று தெலுங்கில் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். எதிர்வீட்டில் கற்பூர ஆரத்திக்கு மணி ஆட்டினார்கள்.

அகிலா தரையில் உட்கார்ந்தாள். மொபைலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"டேய் முரளி. நான் நைனா பேசறேன்டா. ஊட்ல யாரோ பூந்துக்கினாங்கடா. சீக்கிரம் வாடா." ஒரு சின்ன இடைவெளி. பிறகு நடிப்பில்லாத, சாதாரணக் குரல், பக்கத்தில் நிற்கும் யாரிடமோ கேட்பது: "போதுமாடா? இன்னும் ஓடுதா?"

அழைப்பு எடுக்கப்பட்டதால் இயந்திரம் அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.